பட்டா இல்லாதவர்களின் பூர்வீகம்

அமெரிக்காவில் மட்டும் மூன்று கோடிக்கும் அதிகமானோர் தங்கள் பூர்வீகம் அயர்லாந்து என்கிறார்கள். ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து என்று சேர்த்துக்கொண்டே போனால், இன்று அந்தத் தீவில் வாழ்பவர்களைவிட வெளியே இருப்பவர்கள்தான் பல மடங்கு. அவர்களில் பலருக்குத் தாத்தாவின் தாத்தா விட்டுச்சென்ற சொத்து ஒரு குடும்பப் பெயரும் ஒரு மாவட்டத்தின் பெயரும்தான். “சல்லிவன், கெர்ரி” என்று ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கும். கெர்ரியில் சல்லிவன்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். எந்தச் சல்லிவன்? எந்த மேட்டில், எந்த வயலோரத்தில் குடியிருந்தவர்?

இதற்குப் பதில் தேடிப் போகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது பழைய நிலப்படத்தின் முன்பும் வரி ஏட்டின் முன்பும்தான். அந்தப் படங்களை வரைந்தவர்களுக்கும் ஏடுகளை எழுதியவர்களுக்கும் இந்தக் குடும்பங்களின் மேல் ஒரு துளி அக்கறையும் கிடையாது. நிலத்தைப் பிடுங்கவும் வரி பிரிக்கவும்தான் அளந்தார்கள், எழுதினார்கள். எளியவர்களின் பெயரைக் காக்கவென்றே எழுதிய ஆவணங்கள் பெரும்பாலும் அழிந்துபோக, அவர்களைக் கசக்கிப் பிழிந்த காகிதங்கள் தப்பிப் பிழைத்து வந்திருக்கின்றன.

நிலப்படத்தை அயர்லாந்துக்காரர்கள் தொடக்கத்தில் எப்படி வரவேற்றார்கள் என்பதற்கு ரிச்சர்ட் பார்ட்லெட்டின் கதையே சாட்சி. 1603 வாக்கில் இந்த ஆங்கிலேயர் வடக்கே அல்ஸ்டர் பகுதியைப் படமாக வரைந்துகொண்டிருந்தார். இடிந்த தேவாலயங்கள், கோட்டைகள், குறுநில மன்னர்களுக்குப் பட்டம் கட்டும் கல் இருக்கை என்று எல்லாவற்றையும் வண்ணத்தில் தீட்டிய அபாரமான கைக்காரர். டொனகால் பக்கம் போனபோது ஊர்க்காரர்கள் அவர் தலையை வெட்டிவிட்டார்கள். தங்கள் நாட்டை வெளியார் கண்டறிவதை அவர்கள் விரும்பவில்லை என்று, சில ஆண்டுகள் கழித்து அரசு வழக்கறிஞர் சர் ஜான் டேவிஸ் காரணம் எழுதினார். கொலையை நியாயப்படுத்த முடியாது. ஆனால் பின்னால் நடந்தவற்றைப் பார்த்தால் அவர்கள் பயந்தது வீண் பயமல்ல.

ஐம்பது ஆண்டுகளில் கிராம்வெல்லின் படை அயர்லாந்தை அடக்கியது. சம்பளப் பாக்கிக்காகக் காத்திருந்த சிப்பாய்களுக்கும், போருக்குக் கடன் கொடுத்த லண்டன் வியாபாரிகளுக்கும் கொடுக்கப் பணம் இல்லை. நிலமாகக் கொடுக்கலாம் என்று முடிவானது. கத்தோலிக்க நில உடைமையாளர்களிடமிருந்து பறிமுதல் செய்த நிலத்தைப் பங்கு போட வேண்டுமானால் முதலில் அளக்க வேண்டும். அந்த வேலையைக் கேட்டு வாங்கியவர் ஒரு டாக்டர்.

வில்லியம் பெட்டி துணி வியாபாரியின் மகன். சிறுவயதில் கப்பலில் எடுபிடி. பிறகு மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டில் உடற்கூறியல் கற்பித்தார். 1650 இல் தூக்கிலிடப்பட்டு, அறுத்துப் பார்ப்பதற்காக அவரிடம் கொண்டுவரப்பட்ட ஆன் கிரீன் என்ற வேலைக்காரப் பெண்ணின் உடலில் இன்னும் மூச்சு இருப்பதைக் கண்டு, சகாக்களோடு சேர்ந்து அவளைப் பிழைக்கவைத்தார். அந்தப் புகழோடு படையின் தலைமை மருத்துவராக அயர்லாந்து வந்தவர், நில அளவை மந்தமாக நடப்பதைப் பார்த்துவிட்டுத் தானே 13 மாதத்தில் முடித்துத் தருவதாக 1654 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்.

அவர் கையாண்ட யுக்தி எளிமையானது. தேர்ந்த நில அளவையாளர் ஒருவர் செய்யும் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார். அளவுச் சங்கிலி செய்யக் கம்பி வேலைக்காரர், திசைகாட்டி முள்ளுக்குக் கடிகாரம் செய்பவர், முள்ளை வைக்கும் மரக்கூட்டுக்குக் கடைசல்காரர் என்று கருவியைக்கூடப் பல கைகளில் செய்யவைத்தார். வேலையில்லாமல் இருந்த சிப்பாய்களுக்குச் சங்கிலி பிடிக்கவும், அளவைக் குறிப்பேட்டில் எழுதவும் மட்டும் சொல்லிக்கொடுத்து வயலுக்கு அனுப்பினார். குறிப்பேடுகள் டப்ளினுக்கு வந்தன. அங்கே உட்கார்ந்து வேறு ஆட்கள் படம் வரைந்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். ஒரு நாட்டையே இவ்வளவு விரிவாக, இவ்வளவு வேகமாக அதற்கு முன் யாரும் அளந்ததில்லை. சும்மா அளக்கவிடவும் இல்லை: கில்டேர் பக்கம் எட்டு அளவையாளர்களைக் கிளர்ச்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றார்கள்.

டவுன் சர்வே (Down Survey) என்று பெயர்பெற்ற இந்த அளவையின் அடிப்படை அலகு டவுன்லாண்ட் (townland). பெயரில் டவுன் இருந்தாலும் இது நகரம் அல்ல. சராசரியாக 300 ஏக்கர் சொச்சம் உள்ள, நம் குக்கிராமத்தைப் போன்ற ஒரு நிலப்பிரிவு. தீவு முழுக்க 60,000க்கும் மேல் இருக்கின்றன. அயர்லாந்துக்காரருக்குச் சொந்த ஊர் என்றால் அது டவுன்லாண்ட்தான். பெட்டியின் படங்களில் இவற்றின் எல்லையும், 1641 இல் யார் உடைமையில் இருந்தன என்பதும் பதிவாயின. அந்த ஆண்டு தீவின் நிலத்தில் சுமார் 60 விழுக்காடு கத்தோலிக்கர் கையில் இருந்தது. பங்கீடு முடிந்து அந்த நூற்றாண்டு தேய்ந்தபோது அது ஏறக்குறைய 20 விழுக்காடாகச் சுருங்கியது. பெட்டிக்கும் பங்கு கிடைத்தது. சிப்பாய்களின் நிலச் சீட்டுகளையும் மலிவாக வாங்கிச் சேர்த்து, கெர்ரி மாவட்டத்தில் கென்மேர் வட்டாரத்தில் பெரும் பண்ணையாராக ஆனார். கென்மேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் படங்கள் பட்ட பாடு. 1707 இல் ஒரு தொகுதி கப்பலில் டப்ளினிலிருந்து லண்டன் போனபோது பிரெஞ்சுக் கடற்கொள்ளைக்காரர்கள் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். படங்கள் பாரிஸுக்குப் போய் அரச நூலகத்தில் சேர்ந்தன. இன்றும் பிரான்ஸின் தேசிய நூலகத்தில்தான் இருக்கின்றன. 1711 இல் டப்ளின் அலுவலகத்தில் தீப்பிடித்து மூலப் படங்களில் ஒரு பகுதி கருகியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாலன்ஸி என்ற படையதிகாரி பாரிஸ் படங்களிலிருந்து நகல் எடுப்பித்தார். நிலத்தகராறுகளுக்காக வக்கீல்களும் பண்ணையார்களும் தங்களுக்கு வேண்டிய வட்டாரங்களை மட்டும் நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அப்போது நகல்தானே என்று நினைத்திருப்பார்கள். 1922 இல் டப்ளின் காப்பகத் தீயில் மிச்ச மூலமும் போனபோது இந்தத் திருட்டுப் பொருளும் வக்கீல் நகல்களும்தான் எஞ்சின. டப்ளின் டிரினிட்டி கல்லூரி 2013 இல் இப்படிச் சிதறிக் கிடந்த சுமார் 2,000 படங்களை ஒன்றுசேர்த்து இணையத்தில் ஏற்றியது.

ஆனால் பெட்டியின் ஏடுகளில் இருப்பது நிலம் வைத்திருந்தவர்களின் பெயர். உழுதவர்களின் பெயர் வருவதற்கு இன்னும் நூற்றெழுபது ஆண்டு ஆயிற்று. அதுவும் வரியால்தான். 1824 இல் அயர்லாந்தின் உள்ளூர் வரியை ஒழுங்குபடுத்த, தீவு முழுவதையும் மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் படமெடுக்கும் வேலை ராணுவப் பொறியாளர்களிடம் போனது. தலைமை தாமஸ் கோல்பி. இளம் வயதில் கைத்துப்பாக்கி வெடித்து இடது கையை இழந்தவர். மலை மலையாக நடப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருடைய உதவியாளர் தாமஸ் டிரம்மண்ட், சுண்ணாம்பைக் கடும் சுவாலையில் காய்ச்சிப் பளீரென்ற வெளிச்சம் உண்டாக்கினார். 1825 இல் டொனகாலில் ஒரு மலையுச்சியில் ஏற்றிய அந்த விளக்கை 66 மைல் தள்ளி பெல்ஃபாஸ்ட் அருகிலிருந்த மலையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பிற்பாடு அதே வகை விளக்கு நாடக மேடைகளுக்குப் போய் நடிகர்கள்மேல் விழுந்தது.

கோல்பியின் இன்னொரு கருவிக்கு நம் பக்கத்தில் வேலை இருந்தது. உலோகம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அதனால் முக்கோண அளவைக்கு ஆதாரமான அடிக்கோட்டை அளக்கும்போது பிழை வரும். பித்தளைப் பட்டையையும் இரும்புப் பட்டையையும் இணைத்து, ஒன்றின் நீட்சியை மற்றது ஈடுசெய்யும்படி பத்தடி அளவுகோல்களைச் செய்தார் கோல்பி. அவற்றைக் கொண்டு 1827–28 இல் ஃபாயில் கழிமுகக் கரையில் எட்டு மைலுக்குச் சற்றுக் குறைவான கோட்டை அளந்தார். இந்திய முக்கோண அளவையின் தலைவராகி, நோயால் விடுப்பில் இங்கிலாந்து வந்திருந்த ஜார்ஜ் எவரெஸ்ட், 1829 இல் அயர்லாந்து போய் இதைப் பார்த்தார். அசந்துபோனார். 1830 இல் இந்தியா திரும்பியபோது அந்த அளவுகோல்களும் உடன் வந்தன. எவரெஸ்டுக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த லாம்ப்டன் 1802 இல் பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியால் தொடங்கிய வேலையை அவை தொடர்ந்தன. கல்கத்தாவில் தொடங்கி, நாற்பது ஆண்டு நாடெங்கும் அலைந்து, 1869 இல் கன்னியாகுமரிப் பக்கத்து அடிக்கோட்டை அளந்து முடித்த பிறகே ஓய்ந்தன.

அயர்லாந்தில் 1846க்குள் தீவு முழுவதும் படமாகிவிட்டது. வீடுகள், சுண்ணாம்புச் சூளைகள், புனிதக் கிணறுகள் எல்லாம் அதில் உண்டு. ஊர்ப் பெயர்களை எழுத ஒருவர் வேண்டுமே? கில்கென்னி விவசாயி மகன் ஜான் ஓடனவன் மாவட்டம் மாவட்டமாக நடந்தார். ஒவ்வொரு டவுன்லாண்டுக்கும் பாதிரியார் எப்படி எழுதுகிறார், வரி ஏட்டில் எப்படி இருக்கிறது, பண்ணையார் எப்படிச் சொல்கிறார் என்று பெயரேட்டில் வரிசையாகப் பதிந்து, ஊர்ப் பெரியவர்களை ஐரிஷ் மொழியில் சொல்லச்சொல்லிக் கேட்டு, அச்சில் வரவேண்டிய வடிவத்தைத் தீர்மானித்தார். குடும்பக் கடிதத்தில் கோணல்மாணலாக ஓர் ஊர்ப் பெயர் இருந்தால் இன்றும் தேடுபவர்களைக் கரைசேர்ப்பது அந்தப் பெயரேடுகள்தான்.

இதற்கிடையே உழவர்களின் பெயர்கள் ஒரு வெறுக்கத்தக்க ஏட்டில் ஏறிக்கொண்டிருந்தன. கத்தோலிக்கரும் தாங்கள் கால்வைக்காத ஆங்கிலிக்கத் திருச்சபைக்குத் தசமபாகம் கட்ட வேண்டும் என்று சட்டம். 1823க்குப் பிறகு அதைப் பணமாகக் கட்டுவதற்கென்று யார் எவ்வளவு நிலம் பயிரிடுகிறார் என்று கணக்கெடுத்தார்கள். மக்கள் மறுத்தார்கள். அதிகாரிகள் ஆடுமாடுகளை ஜப்தி செய்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. வரி கிடைக்காத பாதிரிமாருக்கு நிவாரணம் தர 1831 இல் தசமபாகம் கட்டாதவர்களின் பட்டியல்கள் தயாராயின. தன் முன்னோர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கக் கண்டால் பெருமைப்படாதவர் இருக்க முடியாது.

இப்போது முக்கியமான ஏட்டுக்கு வருவோம். ரிச்சர்ட் கிரிஃபித் ஒரு நிலவியலாளர். அயர்லாந்தின் முதல் பெரிய நிலவியல் வரைபடம் அவருடையது. மண்ணின் தன்மை தெரிந்தால்தானே நிலத்தின் மதிப்பைச் சொல்ல முடியும் என்று அவரை மதிப்பீட்டு ஆணையர் ஆக்கினார்கள். முதலில் ஓரளவு வசதியான வீடுகளை மட்டும் மதிப்பிட்டார்கள். ஏழை நிவாரண வரி வந்ததும் குடியிருப்பவர் ஒவ்வொருவரையும் கணக்கில் எடுக்க வேண்டியதாயிற்று. 1847 முதல் 1864 வரை வெளிவந்த கிரிஃபித் மதிப்பீட்டில், கிட்டத்தட்டத் தீவின் எல்லாக் குடித்தனத் தலைவர்களும் அச்சில் ஏறினார்கள்.

ஒரு பக்கத்தைப் பாருங்கள். இடது ஓரத்தில் 1, 2, 3 என்று எண். அது அப்படியே ஆறங்குலப் படத்தில் அந்த நிலத்தின்மேல் எழுதப்பட்டிருக்கும். நிலம் துண்டாக இருந்தால் எண்ணோடு பெரிய எழுத்து. வீடென்றால் சிறிய எழுத்து. அடுத்த பத்தியில் குடியிருப்பவர் பெயர். ஒரே டவுன்லாண்டில் மூன்று ஜான் சல்லிவன் இருந்தால் அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரோ பட்டப்பெயரோ சேர்த்திருப்பார்கள். தலைமுறை ஒன்றை இலவசமாகக் கொடுத்துவிடும் அடைப்புக்குறி அது. அடுத்தது யாரிடமிருந்து குத்தகை. பிறகு வீடு, தொழுவம், நிலம். ஏக்கர், ரூட், பெர்ச் என்று பரப்பு. கடைசியில் பவுண்டு, ஷில்லிங் கணக்கில் மதிப்பு.

இந்தக் கடைசிப் பத்திகளை என்னால் நிதானமாகப் படிக்க முடிவதில்லை. மதிப்பு 4 பவுண்டோ அதற்குக் கீழோ இருந்தால் நிவாரண வரியைக் குடியானவர் அல்ல, பண்ணையார்தான் கட்ட வேண்டும் என்று 1843 இல் விதி செய்தார்கள். ஏழைக்குச் சலுகை என்று நினைத்துச் செய்தது. உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்ததும், வரியிலிருந்து தப்பப் பண்ணையார்கள் இந்தக் குடிசைகளைத்தான் இடித்தார்கள். 1847 இல் இன்னொரு விதி வந்தது: கால் ஏக்கருக்குமேல் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது. கால் ஏக்கர் என்றால் ஒரு ரூட். கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விடு என்பதுதான் பொருள். அதைக் கொண்டுவந்த வில்லியம் கிரிகரி, 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். கொழும்பு அருங்காட்சியகமும் நுவரெலியாவின் கிரிகரி ஏரியும் அவர் பெயரோடு சேர்ந்தவை. 1845 முதல் 1852 வரை சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கப்பலேறினார்கள். தசமபாக ஏட்டில் இருந்து கிரிஃபித் ஏட்டில் இல்லாத பெயர்களுக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

கென்மேருக்குத் திரும்புவோம். பெட்டியின் மகள் வழி வந்தவர்கள் லான்ஸ்டவுன் பிரபுக்கள். பஞ்சத்தில் அவர்களுடைய பண்ணை மக்கள் நிவாரண விடுதியை நிறைத்தபோது, வைத்துச் சோறு போடுவதைவிடக் கப்பல் கட்டணம் கொடுத்து அனுப்பிவிடுவது செலவு குறைவு என்று காரியஸ்தர் கணக்குச் சொன்னார். 1851 தொடங்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் நிறையப் பேர் போய்ச் சேர்ந்தது நியூயார்க்கின் மிக மோசமான சேரியான ஃபைவ் பாயிண்ட்ஸ். அவர்களில் பலர் ஐரிஷ் குடியேறிகளுக்காக 1850 இல் தொடங்கிய எமிகிரண்ட் சேமிப்பு வங்கியில் கணக்குத் திறந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரை எப்படி அடையாளம் காண்பது? பிறந்த ஊர், பெற்றோர், வந்த கப்பல் எல்லாவற்றையும் கேட்டு வங்கி எழுதிவைத்துக்கொண்டது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இன்று கடலின் இரு கரைகளையும் இணைக்கும் பாலம். வங்கி ஏட்டில் ஊர், கிரிஃபித்தில் அந்த ஊரின் பெயர்கள், படத்தில் அந்த எண். அந்தப் பண்ணையின் வாரிசான ஐந்தாம் லான்ஸ்டவுன் பிரபு 1888 இல் இந்தியாவின் வைஸ்ராய் ஆனார்.

நில உரிமையைச் சுலபமாக நிரூபிக்கும் முறையைக் கண்டுபிடித்தவரும் ஓர் அயர்லாந்துக்காரர் என்பது மனத்தை உறுத்துகிறது. கார்க்கில் பிறந்த ராபர்ட் டாரன்ஸ் தெற்கு ஆஸ்திரேலியாவில் சுங்க அதிகாரி. கப்பல்களின் உரிமையைப் பதிவு செய்வதுபோல நிலத்தையும் அரசுப் பதிவேட்டில் ஏற்றினால் போதும் என்று 1858 இல் சட்டமாக்கினார். பல நாடுகள் அதைப் பார்த்துச் செய்தன. மலேசியாவில் ஒரு தமிழர் இன்று வீட்டுமனை வாங்கினாலும் பதிவு அந்த முறையில்தான். அப்போது அயர்லாந்தில் உழுதவர்களுக்குப் பதிவு செய்ய நிலமே கிடையாது.

அது மாறிய கதையும் ஏட்டில் இருக்கிறது. கிரிஃபித் முடிந்த பிறகும் அதிகாரிகள் வந்து பார்த்து ஏட்டைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயர், ஆண்டுக்கு ஒரு நிற மை, ஓரத்தில் ஆண்டு. பேட்ரிக் அடிபட்டு மேரி வந்தால் கணவர் இறந்து விதவை பொறுப்பேற்றிருக்கலாம். மேரிக்குப் பின் ஜான் வந்தால் மகன் தலையெடுத்திருக்கலாம். பெயர் அடிபட்டு வீடு விழுந்துவிட்டது என்று குறித்திருந்தால் குடும்பம் போய்விட்டது. 1903 இல் நிலச் சட்டம் வந்து, குடியானவர்கள் அரசுக் கடனில் நிலத்தைப் பெருமளவில் வாங்கினார்கள். குத்தகை தந்தவர் பத்தியில் பண்ணையார் பெயர் அடிபட்டு, நிலச் சட்டக் கிரயம் என்பதற்கான மூன்றெழுத்து முத்திரை பக்கம் பக்கமாக விழுந்தது.

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் வெடித்தது. ஒட்டியிருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்து, ஏழு நூற்றாண்டுக் காகிதங்கள் நகரத்தின்மேல் பறந்தன. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் அநேகமாக முற்றிலும் போயின. அதற்கடுத்த நான்கையும் அரசே முன்னர் அழித்துவிட்டிருந்தது. தீக்கு முந்தையவற்றில் முழுதாக இருப்பவை 1901, 1911 மட்டுமே. மதிப்பீட்டு ஏடுகள் வேறோர் அலுவலகத்தில் இருந்ததால் பிழைத்தன. நில ஏடுகளுக்கு இத்தனை மதிப்பு வந்தது அன்றுமுதல்தான்.

எரிந்த கணக்கெடுப்பிலிருந்தும் சில துளிகள் மிச்சம். 1909 இல் எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் முதியோர் ஓய்வூதியம் வந்தது. ஆனால் அயர்லாந்தில் எல்லாருக்குமான பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864 இல்தான். வயதை எப்படி நிரூபிப்பது? விண்ணப்பித்தவர் தன் பெற்றோர் பெயரையும் டவுன்லாண்டையும் சொல்ல, காப்பக எழுத்தர் 1841, 1851 கணக்கெடுப்பில் தேடி, கிடைத்த குடும்பத்தைப் படிவத்தில் எழுதினார். கணக்கெடுப்பு சாம்பலானது, படிவங்கள் இருக்கின்றன. ஐந்து ஷில்லிங்குக்காக ஒரு கிழவி போட்ட மனுவில், பஞ்சத்துக்கு முன்னால் ஒரே கூரையின்கீழ் இருந்த அவளுடைய அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

2022 இல், தீயின் நூறாவது ஆண்டில், உலகெங்கும் உள்ள நகல்களைத் திரட்டி எரிந்த காப்பகத்தை இணையத்தில் மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். கிரிஃபித் மதிப்பீட்டை இப்போது யாரும் காசில்லாமல் பார்க்கலாம். ஓர் எச்சரிக்கை: இணையத்தில் உள்ள படங்களில் சில, ஏடு அச்சான பிறகு திருத்தியவை, எண் பொருந்தாவிட்டால் திருத்தப் புத்தகத்தைப் பார்த்தே முடிவுக்கு வரவேண்டும். பெயர் கிடைத்ததும் அதை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்துவிடக்கூடாது. மேலும் கீழும் உள்ள எண்களின் பெயர்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோராக நிற்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்து நிலத்துக்காரர்கள்தான். கென்மேரில் வேலியைப் பகிர்ந்துகொண்டவர்கள் நியூயார்க்கிலும் ஒரே சந்துகளில்தான் குடியிருந்தார்கள். சொந்தச் சல்லிவன் எந்த ஏட்டிலும் அகப்படாதபோது, அவருடைய பக்கத்து வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்து அவர் ஊரைக் கண்டுபிடிப்பதுதான் தேர்ந்தவர்கள் போகும் வழி.